நல்லெண்ணெய் குடித்த ரயில்

புதுக்கோட்டை அம்மன் காசு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அன்பர் ஒருவர், "நீங்கள் பிறந்த காரைக்காலைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். எழுதக் கூடாது என்றில்லை. ஆனால் காரைக்கால் என்று நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பொம்மை ரயில் எஞ்சின். அதைப் பற்றி ஒரு பொய்யும் இருந்தது. அதனால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இந்தப் பொங்கலுக்குப் பிறகு அந்த எஞ்சினைக் கழற்றிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. இனி எழுதத் தடையில்லை.

எஞ்சின் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். தகரத்தில் செய்து பச்சை வர்ணம் அடித்தது. நான்கு சக்கரம். பக்கவாட்டில் ஒரு துவாரம். அதில் சாவியைச் செருகி முறுக்கினால் உள்ளே சுருள் இறுகும். டிரைவர் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பிரேக், மற்றொன்று முன்னே பின்னே போக. கூடவே இரண்டு பெட்டிகளும், வட்டமாகப் பூட்டக்கூடிய தகரத் தண்டவாளமும். இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 32 மில்லிமீட்டர். 'ஓ கேஜ்' என்று அதற்குப் பெயர். பெட்டியின் மேல் 'ஹார்ன்பி' என்று போட்டிருந்தது.

இந்த ஹார்ன்பி யார் என்று பின்னாளில் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். பிராங்க் ஹார்ன்பி நம்மைப் போல ஒரு குமாஸ்தா. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். 1863இல் பிறந்தவர். தன் பிள்ளைகளுக்காகத் தகரத்தை வெட்டி, வரிசையாகத் துளை போட்டு, போல்ட் நட்டு வைத்து முடுக்கிக் கிரேன், பாலம் என்று செய்து காட்டியிருக்கிறார். அதற்குக் காப்புரிமை வாங்கப் பணமில்லை. முதலாளியிடம் 5 பவுன் கடன் வாங்கி 1901இல் பதிவு செய்தார். அதுதான் பிறகு 'மெக்கானோ' என்று உலகமெல்லாம் போனது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1920இல், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தார். அதையும் மெக்கானோ மாதிரியே போல்ட் நட்டுகளைக் கழற்றி மறுபடி பூட்டும்படிதான் முதலில் செய்தார். 1925இல் மின்சாரத்தில் ஓடும் எஞ்சின் வந்தது. வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக நேராகத் தண்டவாளத்துக்குக் கொடுப்பார்களாம்! குழந்தைகள் விளையாடுகிற சாமானில்! நல்ல வேளையாகச் சீக்கிரமே குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறிக்கொண்டார்கள். 1931இல் அவர் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் உறுப்பினரும் ஆனார். ஒரு குமாஸ்தா போய்ச் சேர்ந்த தூரம் அது. அதே 1931இல் பாரிஸ் நகரை ஒட்டிய பொபிஞி என்ற இடத்தில் மெக்கானோவின் பிரெஞ்சுத் தொழிற்சாலை திறந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த எஞ்சின் இந்தப் பிரெஞ்சு வம்சம்.

அது காரைக்காலுக்கு எப்படி வந்தது? பழைய பிரெஞ்சு ஊர்களில் 'சொல்தா' வீடு என்று சொல்வோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர், இருந்தவர் வீடு. என் பெரியப்பா சொல்தா. இந்தோசீனாவில் இருந்தார், பிறகு பிரான்சில். 1960இல் லீவில் வந்தபோது இந்த ரயிலைக் கொண்டுவந்தார். பெரியப்பா மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, அப்போது 11 வயது. எனக்கு 9. கூட்டுக் குடும்பம். ரயில் அண்ணனுடையது என்று பேர். விளையாடியது இரண்டு பேரும்.

நான் படித்தது பிரெஞ்சு வழி. வாத்தியாரை 'முசே' என்போம். ரயில் பெட்டிக்குள் பிரெஞ்சில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அண்ணனுக்குப் படிப்பு வராது. அந்தக் காகிதத்தை வாசித்துப் பொருள் சொல்வது என் வேலை. சாவியை எந்தப் பக்கம் முறுக்க வேண்டும், எஞ்சினைத் தரையில் வைக்காமல் சுற்ற விடக் கூடாது, எங்கே எண்ணெய் விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எண்ணெய் பற்றிய வரியில் 'உய்ல் ஃபீன்' என்று போட்டிருந்தது. மெல்லிய, சுத்தமான எண்ணெய் என்று பொருள். 9 வயதுப் பையன் அதை 'நல்ல எண்ணெய்' என்று மொழிபெயர்த்துக்கொண்டான். அதற்கு முன்னால் 'ஒரு சொட்டு' என்று இருந்ததை விட்டுவிட்டான்.

காகிதத்தைப் படித்தவுடன் எண்ணெய் விடவில்லை. அந்த ஆசை வந்தது பேரளத்தில். காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு அப்போது ரயில் இருந்தது. 1898இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. பிரெஞ்சு எல்லைக்குள் ஓடினாலும் ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சுமார் 23 கிலோமீட்டர். பேரளத்தில் இறங்கி மாயவரம் போகவோ திருவாரூர் போகவோ வண்டி மாறுவோம். 1980களில் அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அகலப் பாதையாக மறுபடி போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1961இல் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பேரளத்தில் வண்டி மாறக் காத்திருந்தோம். நீராவி எஞ்சினின் டிரைவர் கீழே இறங்கி, கொக்கு மூக்கு மாதிரி நீண்ட வாய் கொண்ட ஓர் எண்ணெய்க் குவளையுடன் எஞ்சினைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மூட்டிலும் குனிந்து, மூக்கை நுழைத்து, எண்ணெய் விட்டார். கோயிலில் குருக்கள் ஒவ்வொரு விளக்காகப் பார்ப்பது போலத்தான் இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "இது குடிக்காம ஓடாது தம்பி" என்றார்.

ஊர் திரும்பியதும் நான் டிரைவர் ஆகிவிட்டேன். அண்ணன் இல்லாத ஒரு மத்தியானம் அம்மா சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, எஞ்சினைக் கவிழ்த்து, பல் சக்கரம் தெரிகிற இடமெல்லாம் ஊற்றினேன். சொட்டு இல்லை, ஊற்றினேன். வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ரயில் என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா! அண்ணனே ஆச்சரியப்பட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு நான்கு சுற்று ஓடியது மூன்று சுற்றானது. பெட்டிகளை இழுக்கத் திணறியது. பிறகு கையால் தள்ளிவிட்டால்தான் நகர்ந்தது. ஒரு நாள் முழு முறுக்கு முறுக்கியும் நகரவில்லை. சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் களிமண்ணில் சிக்கிய மாதிரி இருந்தது.

1962 கடைசியில் பெரியப்பா மறுபடி லீவில் வந்தார். காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் தேதியே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் இந்தியக் குடிமகன். அந்த 6 மாதம் எங்கள் ஊரில் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் இதே பேச்சு! ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர் என்று பிரிந்த வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை.

அந்த லீவில்தான் பெரியப்பா ரயிலை எடுத்தார். ஓடவில்லை. சாவியைச் செருகி முறுக்கிப் பார்த்தார். ஏற்கெனவே முறுக்கு ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினார், அதோடு சாவி இறுகி நின்றுவிட்டது. "அளவுக்கு மேலே முறுக்கி ஸ்பிரிங்கை ஒடிச்சிட்டான்" என்று தீர்ப்பு ஆனது. பட்டாளத்துக்காரர் அல்லவா, பெல்ட்டைக் கழற்றினார். அண்ணன் முதுகில் விழுந்த அடி எனக்கு இப்போதும் கேட்கிறது. "நான் ஒடிக்கலைப்பா" என்று அவர் கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எண்ணெயைப் பற்றி நான் சொல்லவில்லை.

1963இல் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனார்கள். ஓடாத ரயிலை எதற்குக் கப்பலில் ஏற்றுவது என்று பெரியம்மா அதை என்னிடம் கொடுத்தார். நான் கெடுத்ததால் எனக்கே கிடைத்தது. அடுத்த வருடம், தாத்தா காலமாகி நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல், அம்மாவின் ஊரான அறந்தாங்கிக்கு நாங்கள் வந்தோம். பேரளம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை என்று ஒரு நாள் முழுக்க மீட்டர் கேஜ் பயணம். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் பொம்மை ரயிலும் வந்தது. முசேயிடம் படித்த பையன் இங்கே தமிழ் வழியில் சேர்ந்து திண்டாடியது தனிக் கதை. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கியும் இதில் சேர்ந்தது. புதுக் கலெக்டர் ஆபீசில் ஆள் எடுத்தார்கள். இளநிலை உதவியாளராக நுழைந்தேன். எத்தனையோ வீடு மாறினோம். டிரங்குப் பெட்டி மட்டும் ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் ஏறியது.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் பிரான்சிலிருந்து போன் செய்தார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது அவருக்கும். கொள்ளுப் பேரன் ரயில் பைத்தியமாம். பேச்சுவாக்கில், "அப்பா வாங்கிவந்த அந்த ஹார்ன்பி உன்கிட்டதானே இருந்தது? இருந்தா எடுத்து வை. நான் ஒடிச்ச ரயில்னு அவனுக்குக் காட்டணும்" என்று சிரித்தார். 'நான் ஒடிச்ச ரயில்' என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பரணிலிருந்து இறக்கினேன். கீழ ராஜ வீதிப் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு நண்பர் இருக்கிறார். கைக்கடிகாரத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை என்றாலும் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பார். அவரிடம் எடுத்துப் போனேன். சாவியை மெல்லத் திருப்பிப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் சொன்னார்: "ஸ்பிரிங் ஒடியலை சார். ஒடிஞ்சிருந்தா சாவி பிடிப்பே இல்லாம சும்மா சுத்தும். இது முழுசா முறுக்கி இறுகி நிக்குது. முறுக்கு உள்ளயே இருக்கு. சக்கரம்தான் விட மாட்டேங்குது."

நான், "அளவுக்கு மேல் முறுக்கினதால் நின்றுபோச்சு என்று சொன்னார்களே" என்றேன். அவர் சிரித்தார். "ஐம்பது வருஷமா இதைத்தான் கேக்குறேன். ஓவரா சாவி கொடுத்துட்டேன், நின்னுபோச்சுன்னு சொல்லித்தான் எல்லாரும் கடிகாரத்தைக் கொண்டுவருவாங்க. முழுசா முறுக்கறதுக்குத்தானே ஸ்பிரிங்கே இருக்கு? முறுக்கினதால நிக்காது. அழுக்காலயும் காஞ்ச எண்ணெயாலயும்தான் நிக்கும். நின்ன பிறகுதான் ஜனங்க இன்னும் முறுக்கிப் பாப்பாங்க, அது இறுகி நிக்கும். பழி சாவிக்கு."

அண்ணன் செய்யாத குற்றம் என்பது எனக்குத் தெரியும். இப்படி ஒரு குற்றமே நடந்திருக்க முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

எஞ்சினை அவர் கவிழ்த்து விளக்கைப் பிடித்தார். பல் சக்கரங்களின் மேல் பழுப்பு நிறத்தில் அரக்கு மாதிரி ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சாமி விளக்கைப் பல நாள் தேய்க்காமல் விட்டால் அடித்தட்டில் ஒரு பிசுக்கு பிடிக்குமே, புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாதே, அதே பிசுக்கு.

இந்த இடத்தில் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மசகை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயிலோ கொட்டாங்கச்சியிலோ போட்டு வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். மசகு காய்ந்தால் வண்டி கத்தும், ஊருக்கே தெரியும். அந்த மசகுதான் இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் 'மசகு எண்ணெய்' ஆகியிருக்கிறது. இலங்கைப் பத்திரிகைகளில் கச்சா எண்ணெயைத்தான் மசகு எண்ணெய் என்று எழுதுகிறார்கள்.

வண்டிக்காரர் கண்டுபிடித்ததைத்தான் ரயில்காரரும் பிடித்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விலங்குக் கொழுப்பும் திமிங்கல எண்ணெயும் இயந்திரங்களுக்குப் போனபோது, இந்திய ரயில்வேக்களில் விளக்கெண்ணெய் ஏராளமாகப் புழங்கியது. கெட்டியாக இருக்கும், சூட்டிலும் தாக்குப் பிடிக்கும், இங்கேயே விளைகிறது. முதல் உலகப் போரில் விமானங்களின் எஞ்சினுக்கும் இதே எண்ணெய்தான். பிரான்சின் நோம், லெ ரோன் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் விட்டார்கள். பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பது காரணம். இன்றைக்குக் கடையில் தொங்கும் 'காஸ்ட்ரால்' என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் ஆயிலிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் நல்லெண்ணெய் மட்டும் என்ன பாவம் செய்தது? எண்ணெய்களில் உலர்வது, பாதி உலர்வது, உலராதது என்று மூன்று ஜாதி. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் உலர்ந்து தோலாகிவிடும். அதனால்தான் பெயிண்டில் கலக்கிறார்கள். நல்லெண்ணெய் பாதி உலரும் ஜாதி. மெல்லிய படலமாக விட்டால் மாதக் கணக்கில் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் உலராது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். விளக்கெண்ணெய் உலராத ஜாதிதான் என்றாலும் குட்டி இயந்திரத்துக்குக் கெட்டி அதிகம். மண்ணிலிருந்து எடுக்கிற எண்ணெய், அதாவது தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி மெல்லிய எண்ணெய், இப்படிப் பிசினாவதில்லை. 'உய்ல் ஃபீன்' என்று அந்தக் காகிதம் கேட்டது அதைத்தான். நம் வீட்டில் தையல் மெஷினும் இருந்தது, பக்கத்திலேயே எண்ணெய்ப் புட்டியும் இருந்தது!

அப்புறம், அளவு. எங்கள் தெருவில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். 1920களில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாற்றி வைத்த பணிமனை அது. பேரளத்து டிரைவரைப் பற்றிச் சொன்னதும் அவர், "அவர் விட்டது குடிக்க இல்லை சார், திரிக்கு" என்றார். நீராவி எஞ்சினின் எண்ணெய்க் கிண்ணங்களில் கம்பளி நூல் திரி இருக்குமாம். கிண்ணத்தில் எண்ணெய் நிறைய இருந்தாலும் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் மூட்டுக்கு இறங்கும். பெட்டிகளின் அச்சுப் பெட்டியிலும் எண்ணெயில் ஊறின பஞ்சுக் கழிவை அடைத்திருப்பார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அது தடவிக்கொடுக்கும். பஞ்சு வறண்டால் அச்சு சுட்டுப் புகையும். குறைந்தால் சூடு, கூடினால் ஒழுகித் தூசி பிடிக்கும். இதற்காகத்தான் அந்தத் திரி. நான் பார்த்தது டிரைவர் ஊற்றியதை மட்டும். உள்ளே இருந்த திரி என் கண்ணில் படவில்லை.

இனி நான் செய்த வேலை. உங்கள் பரணிலும் சாவி பொம்மை ஏதாவது இருந்தால் உதவும்.

முதலில் பிரேக் கம்பி பாதி போட்டபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு நோயே அதுதான் என்றார் நண்பர். எங்களுடையதில் அது சரியாகவே இருந்தது. பிறகு அச்சில் தலைமுடி, நூல், கம்பள இழை சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசியால் கிளறி இடுக்கியால் இழுத்தேன். ஒரு சின்னப் பிள்ளைக் கொண்டை அளவுக்கு வந்தது. அதில் பெரியம்மாவின் நீள முடியும் இருந்திருக்கும்.

அடுத்து, அடியில் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றி, மேல் தகர உடம்பைத் தனியாக வைத்தேன். வர்ணத்தின் மேல் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. உள்ளே உள்ள இயந்திரத்தை மட்டும் ஒரு தட்டில் வைத்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். காலையும் மாலையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் பழுப்பானதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். நண்பர் ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார்: "முறுக்கு உள்ளே இருக்கு, சார். இளகும்போது சட்டென்று விடும். பிரேக்கைப் போட்டு வையுங்க, விரலை உள்ளே விடாதீங்க." முதல் நாள் போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் தேய்த்த பிறகு பிரேக் போட மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். பின்கட்டில் தட்டு கலகலவென்று அடித்துக்கொண்டது. பூனை என்று நினைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் நாலாபுறமும் தெறிக்கச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம்கூட இருக்காது. சுற்றி ஓய்ந்து நின்றன.

அந்த முறுக்கு நான் கொடுத்ததில்லை. நண்பரும் கொடுக்கவில்லை, சாவி இறுகியிருக்கிறது என்று பார்த்ததோடு விட்டுவிட்டார். அந்தச் சாவியைக் கடைசியாக முறுக்கியவர் பெரியப்பா. 1962இல், திண்ணையில் உட்கார்ந்து, பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால். அவர் போய்ச் சேர்ந்து 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒடிந்துபோனது என்று அவர் சொன்ன ஸ்பிரிங் அவர் கை கொடுத்த பலத்தை இத்தனை வருடம் வைத்திருந்து அன்று விட்டது. நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வந்து, "என்ன இது, வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம்" என்ற பிறகுதான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் நன்றாகத் துடைத்து வெயில் படாத இடத்தில் உலர வைத்தேன். எண்ணெய் விட நண்பர் குண்டூசியைக் கொடுத்தார். ஊசி முனையை மெஷின் எண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு அச்சு முனையிலும் ஒரு தொடல். அவ்வளவுதான். மொத்த எஞ்சினுக்கும் ஐந்தாறு சொட்டுக்கு மேல் போகவில்லை. சுருளுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ், அதில் பென்சில் கரியைப் பொடித்துக் கலந்தது. சக்கரத்தின் ஓரத்தில் எண்ணெய் பட்டால் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் அதைத் துடைத்தேன். முதலில் கால் முறுக்கு, கையில் பிடித்தபடியே ஓட விட்டேன். பிறகு அரை. பிறகு முழு முறுக்கு.

மின்சாரத்தில் ஓடும் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதிலும் முதலில் காய்ந்த எண்ணெயும் முடியும்தான் சந்தேகப்பட வேண்டியவை. அடுத்து மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அது உரசுகிற செம்புப் பாகம் கறுத்திருக்கும். அதைத் துடைக்கலாம், அங்கே எண்ணெய் மட்டும் விடவே கூடாது. பழைய மோட்டாரில் காந்தத்துக்கு நடுவிலிருந்து ஆர்மேச்சரை உருவி எடுத்தால் காந்தம் பலம் இழக்கும், அதனால் தெரியாமல் கழற்ற வேண்டாம்.

கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி இரண்டு பெட்டியையும் மாட்டி விட்டேன். ஆறு சுற்று ஓடியது.

அன்று மாலை அண்ணனுக்கு நானே போன் செய்தேன். கலெக்டர் ஆபீசில் எத்தனையோ பேருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். நானே விளக்கம் கொடுப்பது கஷ்டமாக இருந்தது. "அண்ணே, அந்த ரயிலை நீங்க ஒடிக்கலை. நான்தான் நல்லெண்ணெய் ஊத்தினேன். ஸ்பிரிங் ஒடியவே இல்லை. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "அப்பா கடைசி வரைக்கும் நான்தான் ஒடிச்சேன்னு நினைச்சிட்டு இருந்தார்டா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதுகூட, உனக்கு எதையும் பதனமா வச்சுக்கத் தெரியாதுன்னு அந்த ரயிலைத்தான் சொன்னார்."

எனக்குப் பதில் இல்லை. இதற்கு என்ன பதில் இருக்க முடியும்? பெரியப்பாவிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "இப்போ ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

"கேக்க வை பாப்போம்."

போனைக் கூடத்துத் தரையில் தண்டவாளத்துக்கு நடுவில் வைத்தேன். முழு முறுக்கு முறுக்கி விட்டேன். எஞ்சின் போனைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நின்றதும் போனை எடுத்தேன். "இன்னொரு தடவை" என்றார்.

வருகிற கோடையில் அண்ணனின் மகன் இந்தியா வருகிறார். ரயிலை அவரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். பெட்டிக்குள் இருந்த பழைய பிரெஞ்சுக் காகிதம் செல்லரித்துவிட்டது. அதனால் புதிதாக ஒன்று, முசே கற்றுக்கொடுத்த பிரெஞ்சில், என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'ஒரு சொட்டு' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒரு சின்னப் புட்டி மெஷின் எண்ணெயும் வாங்கினேன். அதை விமானத்தில் விட மாட்டார்கள் என்று என் மகன் சொல்கிறான். குண்டூசியை மட்டும் வைத்து அனுப்பப் போகிறேன்.